மக்காசார் – அரபி மொழிபெயர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்காசார் மொழிக்கும் அரபிக்கும் இடையில் மொழிபெயர்க்கத் தொடங்குகிறவர்கள், குறிப்பாக அரபி நன்றாகத் தெரிந்தவர்கள், கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். மக்காசார்ச் சொற்களில் வரும் ’ என்ற குறி குரல்வளை அடைப்பைக் காட்டுகிறது, அதாவது தொண்டையில் மூச்சு சட்டென்று நின்று வரும் ஒலி. அரபியின் ஹம்ஸா தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தக் குறியை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். கீழே வரும் பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது.

மக்காசார் என்பது ஊர்ப் பெயர்தானே? அப்படி ஒரு மொழி இருக்கிறதா?

இரண்டும்தான். இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசி மாகாணத் தலைநகர் மக்காசார். அந்த நகரிலும் அதற்குத் தெற்கே கோவா, தக்கலார், ஜெனெபொந்தோ, பந்தாயெங் பகுதிகளிலும் பேசப்படும் மொழியின் பெயரும் அதுவே. சுமார் 20 லட்சம் பேர் பேசுகிறார்கள். வடக்கே பேசப்படும் புகிஸ் இதற்கு உறவுமொழி. ஆனால் புகிஸ் தெரிந்தவர் மக்காசாரை மொழிபெயர்த்துவிட முடியாது.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மக்காசார் நகரத்தில் பேசும் மலாய் வழக்கையும் பலர் 'மக்காசார்' என்றே சொல்கிறார்கள். அது மக்காசார் ஒட்டுகள் கலந்த மலாய், வேறு மொழி. கொஞ்சோ, செலாயார் என்ற நெருங்கிய வழக்குகளுக்கும் தனித்தனி மொழிக்குறியீடு உண்டு. பத்து வரி மாதிரி வாங்கி, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டி எது என்று உறுதிசெய்த பிறகு தொடங்குங்கள்.

அரபிக்கும் மக்காசாருக்கும் உறவு ஏதும் உண்டா?

பிறப்பால் இல்லை. மக்காசார் ஆஸ்திரோனேசியக் குடும்பம், அதாவது மலாய், ஜாவா மொழிகளின் சொந்தம். அரபி செமித்தியக் குடும்பம். உறவு வந்தது சமயத்தால். 1605 செப்டம்பரில் மக்காசார்ப் பகுதியின் தல்லோ அரசர் காராயெங் மத்தோவாயா இஸ்லாத்தைத் தழுவினார், கோவா அரசரும் பின்தொடர்ந்தார். அதன் பிறகு அரபிச் சொற்கள் ஏராளமாக வந்தன, பல மலாய் வழியாக.

சமயச் சொல் எல்லாமே அரபி என்று எண்ணிவிட வேண்டாம். சொர்க்கத்துக்கு 'சுருகா', நரகத்துக்கு 'நரகா', பாவத்துக்கு 'தோஸா' என்கிறார்கள். இவை சமஸ்கிருத வழி வந்தவை, தமிழருக்கு உடனே பிடிபடும். தொழுகைக்கு 'ஸம்பயங்', மலாய்ச் சொல். அரபிக்கு மாற்றும்போது இவற்றுக்கு முறையே ஜன்னா, ஜஹன்னம், தன்ப், ஸலாத் என்று நேர்ச்சொற்கள் இருப்பதால் தயங்க ஒன்றுமில்லை.

'அரபிக்கு மாற்றித் தாருங்கள்' என்கிறார்கள். எந்த அரபி?

எழுத்துக்கு என்றால் இன்றைய பொது இலக்கிய அரபி. வாய்ப்பேச்சுக் காணொளிக்கு வசனம் என்றால் எகிப்து வழக்கா வளைகுடா வழக்கா என்று கேளுங்கள். பழைய சமயக் கையெழுத்துப் படி என்றால் செவ்வியல் அரபி நடை பொருந்தும்.

மக்காசாரை எந்த எழுத்தில் எழுதுகிறார்கள்?

இன்று பெரும்பாலும் ரோமன் எழுத்தில். பழைய ஆவணங்களில் மூன்று வகை வரும். முதலாவது, பறவை எழுத்து என்று அழைக்கப்படும் பழைய மக்காசார் எழுத்து. கோவா, தல்லோ அரச வரலாறுகளின் படிகள் சில இதில் கிடைக்கின்றன. இரண்டாவது, புகிஸ்களோடு பொதுவான லொந்தரா எழுத்து. 19ஆம் நூற்றாண்டில் இதுவே பறவை எழுத்தின் இடத்தைப் பிடித்தது. மூன்றாவது, அரபி எழுத்தில் மக்காசாரை எழுதும் செராங்.

யூனிகோடில் லொந்தரா 2005இலும் பழைய மக்காசார் எழுத்து 2018இலும் சேர்ந்தன. இரண்டுக்கும் தனித்தனித் தொகுதி. லொந்தராவுக்கு எழுத்துரு சுலபமாகக் கிடைக்கும். பறவை எழுத்துக்கு ஒன்றை முன்கூட்டியே நிறுவிச் சோதித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

லொந்தராவில் இருப்பதை நேராக அரபிக்குக் கொண்டுபோகக் கூடாதா?

கூடாது. லொந்தரா அசையின் கடைசி மெய்யை எழுதாது. 'ங்' விழுந்துவிடும், குரல்வளை அடைப்பு விழுந்துவிடும், இரட்டிப்பும் தெரியாது. வாசிப்பவர் மொழியறிவால் நிரப்பிக்கொள்ள வேண்டும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். இங்கே அதைவிடக் கூடுதல்.

புகழ்பெற்ற உதாரணம் ஒன்று. 'பேபே' என்றால் ஊமை, 'பேபே’' என்றால் தீ. லொந்தராவில் இரண்டும் ஒரே எழுத்துகள். 'நகன்ரேய் பேபே’ பல்ல’ தாதோகா' என்றால் சீனக் கோயிலைத் தீ தின்கிறது, அதாவது கோயில் எரிகிறது. அடைப்பை விட்டுப் படித்தால் ஊமை ஒருவர் கோயிலைத் தின்கிறார். இங்கே அபத்தம் வெளிப்படையாகத் தெரிவதால் பிழை மாட்டிக்கொள்ளும். ஆள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் தெரியாது, தப்பு அப்படியே அரபிக்குப் போய்விடும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் லொந்தராவிலிருந்து ரோமனுக்கு: எழுதப்படாத மெய்களை மக்காசார் தாய்மொழிக்காரர் நிரப்பட்டும். ஐயமான இடங்களை வண்ணமிட்டு, இரு வாசிப்பையும் குறித்து வைக்கட்டும். அதன் பிறகே அரபி. ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் செய்தால், எந்த வாசிப்பைத் தேர்ந்தார் என்ற தடயமே இருக்காது.

செராங் அரபி எழுத்துதானே? அரபி தெரிந்தவரே படித்துவிடலாமே?

எழுத்தைக் கூட்டலாம், பொருள் வராது. தமிழில் அரபுத்தமிழ் ஏடுகளைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: எழுத்து அரபி, மொழி வேறு. அரபியில் இல்லாத ஒலிகளுக்காக, மலாயின் ஜாவி எழுத்தைப் போலவே புள்ளி கூட்டிய எழுத்துகள் வரும். ஜீமின் உருவத்துக்கு மூன்று புள்ளி வைத்தால் 'ச', ஐனின் உருவத்துக்கு மூன்று புள்ளி வைத்தால் 'ங', ஃபாவுக்கு மூன்று வைத்தால் வல்லின 'ப'. படியெடுத்தவர் புள்ளியை விட்டுவிட்ட இடங்களில் 'ங' வெறும் ஐனாகவும் 'ப' வெறும் ஃபாவாகவும் தெரியும். அரபி மட்டும் தெரிந்தவர் அதை அரபிச் சொல்லாக்க முயல்வார். பெரும்பாலான செராங் பிழைகள் இப்படித்தான் நுழைகின்றன.

பழைய மக்காசார்ப் படிகளில் உள்ளூர் எழுத்துக்கு நடுவே அரபிப் பெயர்களும் தொடர்களும் மட்டும் அரபி எழுத்தில் வருவதுண்டு. அவற்றைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அரபிச் சொல் மக்காசாருக்குள் வந்தால் எப்படி மாறும்? விதி ஏதும் உண்டா?

உண்டு, நல்ல ஒழுங்கான விதிகள். மக்காசார்ச் சொல் உயிரில் முடியும். இல்லாவிட்டால் 'ங்' அல்லது ’ என்ற அடைப்பு, இந்த இரண்டில் ஒன்றில் முடியும். வேறு மெய் கடைசியில் வராது. வருகிற அரபிச் சொல் எல்லாம் இதற்கு வளைந்தாக வேண்டும். ம், ன் இரண்டும் 'ங்' ஆகும்: இமாம் என்பது 'இமங்', ஷைத்தான் என்பது 'ஸேத்தங்'. ப், த் போன்றவை அடைப்பாகும்: கிதாப் என்பது 'கித்த’'. ர், ல், ஸ் மூன்றும் விழாமல், முந்தைய உயிரை எதிரொலித்து அடைப்போடு முடியும்: கிர்தாஸ் 'கரத்தஸ’' (காகிதம்), அக்ல் 'அக்கல’' (அறிவு). நடுவில் இரு வேறு மெய் மோதினால் ஒன்றாகும்: வக்த் 'வத்து' (நேரம்). ஃபா வல்லினப் பகரமாகும், ஷீன் ஸகரமாகும். மஸ்ஜித் 'மஸிகி’' ஆகியிருப்பதைப் போல நேர்விதிக்கு அடங்காதவையும் உண்டு. வழியில் மலாய் வாயில் புகுந்து வந்ததன் விளைவு அது.

எதிரொலி உயிருக்கு இன்னொரு குணம் உண்டு. உயிரில் தொடங்கும் சில விகுதிகள் சேர்ந்தால் அது மறைந்துவிடும். 'லம்புஸு’' என்றால் நேர்மையான, அதிலிருந்து 'கலம்புஸங்' என்றால் நேர்மை. அகராதியில் 'லம்புஸங்' என்று தேடினால் கிடைக்காது. விகுதியைக் கழற்றி, எதிரொலியைத் திரும்ப ஒட்டி, 'லம்புஸு’' என்று தேட வேண்டும்.

அப்படியானால் மக்காசாரில் அரபிச் சொல்லைக் கண்டால், மூல அரபிச் சொல்லையே போட்டால் போதுமா?

அரபி தெரிந்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். சொல் ஒன்றாக இருக்கும், பொருள் இடம்பெயர்ந்திருக்கும். 'ஹுக்குங்' மக்காசாரில் தண்டனை. அரபியில் ஹுக்ம் என்றால் தீர்ப்பு, ஆட்சி, சட்டவிதி. தண்டனைக்கு அரபியில் உகூபா என்று எழுத வேண்டும். 'அத’' என்பது அரபியின் ஆதாவிலிருந்து வந்தது. ஆனால் மக்காசாரில் அது பழக்கத்தை மட்டும் குறிக்காது, ஊர் மரபுச் சட்டத்தையும் குறிக்கும். அரபி வாசகருக்கு அந்தப் பொருளில் உர்ஃப் என்பதே பொருந்தும். 'கித்த’', 'வத்து' போன்றவை பெரும்பாலும் சிக்கலில்லாதவை.

பயனுள்ள பழக்கம்: ஒவ்வொரு வேலைக்கும் இப்படிப்பட்ட சொற்களுக்கு மூன்று பத்திப் பட்டியல் போடுங்கள். மக்காசார் வடிவம், மூல அரபி, இந்த ஆவணத்தில் பயன்படுத்த வேண்டிய அரபி. மூன்றாம் பத்தியை நிரப்பாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

வாக்கிய அமைப்பில் ஒற்றுமை ஏதும் இல்லையா?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். இரண்டிலும் வினை முதலில் வருவது இயல்பு. இரண்டிலும் வினையோடு ஆள் ஒட்டுகள் சேரும், உடைமை ஒட்டு பெயருக்குப் பின்னால் வரும். 'என் பூனை என்னைக் கடித்தது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காசாரில் 'நகொக்கொகா’ மியொங்கு'. 'ந' என்பது கடித்த பூனை, 'கொக்கொ’' கடி, கடைசி 'ஆ’' என்னை. 'மியொங்' பூனை, 'கு' என்னுடைய. இரு உயிருக்கு நடுவே அடைப்பு 'க' ஆகிவிட்டதைக் கவனியுங்கள். அரபியில் 'அள்ளத்னீ கித்ததீ'. கடி, பிறகு பெண்பால் 'த்', பிறகு என்னை. பூனை, பிறகு என்னுடைய. ஏறக்குறைய ஒரே வரிசை. ஒரே வேறுபாடு, மக்காசாரில் கடித்தவருக்கான ஒட்டு வினைக்கு முன்னால் நிற்கிறது, அதில் ஆண்பால் பெண்பால் இல்லை.

செயப்பாட்டு வினையும் எளிது, 'நி' என்ற முன்னொட்டு போதும். ஒரு கவனம்: அரபியின் செயப்பாட்டு வினையில் செய்தவரைச் சொல்வதில்லை. மக்காசாரில் 'ரி' போட்டு, பூனையால் கடிக்கப்பட்டேன் என்று தாராளமாகச் சொல்லலாம். அதை அரபிக்குக் கொண்டுபோகும்போது செய்வினையாகத் திருப்பிவிடுங்கள்.

அரபியின் 'அல்' மக்காசாரில் எப்படி வரும்?

பெயரில் ஒரு விகுதியாக வரும்: 'பல்ல’' ஒரு வீடு, 'பல்லகா' அந்த வீடு. அதோடு நின்றால் நல்லது, ஆனால் நிற்பதில்லை. செயப்படுபொருள் குறிப்பானதா இல்லையா என்பதற்கேற்ப மக்காசாரில் வினையே மாறும். 'மாம்பழம் தின்றேன்' என்றால் 'அங்ஙன்ரேயா’ தைபா'. 'உன் மாம்பழத்தைத் தின்றேன்' என்றால் 'குகன்ரேய் தைபானு'. முதலாவதில் 'நான்' வினைக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டாவதில் 'கு' என்று முன்னால் வந்துவிட்டது, பின்னால் இருக்கும் 'ய்' மாம்பழத்தைச் சுட்டுகிறது. அரபியில் இரண்டுக்கும் அகல்து என்ற ஒரே வடிவம்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. மாம்பழம், மாம்பழத்தை என்று நாமே பிரிக்கிறோம். அரபி வாக்கியத்தை மனத்துக்குள் தமிழாக்கிப் பாருங்கள். ஐ உருபு போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் பெரும்பாலும் மக்காசாரில் இரண்டாவது அமைப்புதான். மனிதரைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழ் பெரும்பாலும் ஐ கேட்கும் என்பதால், அங்கே மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

பன்மைக்கு இந்தோனேசியத்தில் சொல்லை இரட்டிக்கிறார்களே, அதே மாதிரிச் செய்யலாமா?

செய்யவே வேண்டாம். மக்காசாரில் பெயரை இரட்டித்தால் சிறியது, அதைப் போன்றது என்ற பொருள் வரும். 'பல்ல’-பல்ல’' என்றால் குடிசை. 'தாவ்' என்றால் மனிதர். 'தாவ்-தாவ்' என்றால் பொம்மை, உருவச்சிலை. 'மனிதர்களே' என்று தொடங்கும் அரபி உரையை இந்தோனேசியத்தின் ஒராங்-ஒராங் வழக்கத்தில் மாற்றினால் பொம்மைகளை அழைத்ததாகிவிடும்.

மக்காசாரில் பன்மை காட்டுவது கட்டாயமில்லை. தேவையானால் 'ஙஸேங்' (எல்லாரும்), 'ஜாய்' (பல) போன்றவற்றைச் சேர்க்கலாம். அரபியின் இருமைக்கு எண்ணையே சொல்ல வேண்டும்: பைத்தானி என்பது 'ருவம்பத்து பல்ல’', இரண்டு வீடு. எதிர்த் திசையில்தான் கடினம். மக்காசார் மூலத்தில் ஒன்றா, இரண்டா, பலவா என்றே இருக்காது, அரபியோ மூன்றில் ஒன்றைக் கேட்கும். சூழலில் தெரியாவிட்டால் எழுதியவரிடம் கேளுங்கள்.

காலம் எப்படி? இறந்தகால விகுதியே காணோமே?

வினையில் காலம் இல்லை, நிலைதான் உண்டு. 'தின்ரோ' என்றால் தூங்கு. 'தின்ரோய்' என்றால் அவர் தூங்குகிறார், தூங்கினார், எதுவும் ஆகலாம். 'தின்ரோமி' தூங்கிவிட்டார். 'தின்ரோபி' இன்னும் தூங்குகிறார். 'தின்ரோஜி' சும்மா தூங்கத்தான் செய்கிறார், வேறொன்றுமில்லை. 'தின்ரோமி'க்கு அரபியில் பெரும்பாலும் 'கத்' சேர்த்த இறந்தகால வினை சரிவரும். 'இன்னும்' என்பதற்கு மா ஸால. 'தின்ரோஜி'க்கு இன்னமா, ஃபகத் போன்றவை. இந்தச் சின்ன ஒட்டுகளை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பவர்கள் நிறையப் பேர். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், ஆனால் பேசியவர் சொல்ல வந்தது போயிருக்கும்.

'இல்லை' என்பதற்கு அரபியில் ஏழெட்டுச் சொல். மக்காசாரில் எதை எதற்குப் போடுவது?

பெயரை மறுக்கும் லைஸ என்பதற்கு 'தேயாய்' (அதுவல்ல). ஒன்று இல்லவே இல்லை என்னும் லாவுக்கு 'தேனா'. லம்மா என்னும் 'இன்னும் இல்லை'க்கு 'தேனாபா'. விலக்கும் லாவுக்கு 'தேயாகோ' (செய்யாதே). கடைசியில் இருக்கும் 'கோ' ஒருமையில் பேசுவது. பெரியவரிடம் சொல்வதாக இருந்தால் அதை மரியாதை ஒட்டான 'கி’' என்று மாற்ற வேண்டும்.

அரபியில் ஆண்பால் பெண்பால், மக்காசாரில் மரியாதை. எதை எப்படிச் சமாளிப்பது?

அரபி முன்னிலையில் அன்த, அன்தி, அன்துமா, அன்தும், அன்துன்ன என ஐந்து வடிவம், பாலும் எண்ணும் தெரியும். மக்காசார் இரண்டையும் கேட்பதில்லை, கேட்பது வேறு: எதிரில் இருப்பவர் உங்களுக்கு யார்? நெருங்கியவர், இளையவர் என்றால் 'இகாவ்', உடைமைக்கு 'னு'. மதிப்புக்குரியவர் என்றால் 'இகத்தே', உடைமைக்கு 'தா'. படர்க்கையில் 'இயா' ஒன்றே, அவனும் அவளும் அதுவே.

ஆகவே ஒவ்வொரு திசையிலும் மூலத்தில் இல்லாத தகவல் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. உரையாடல் உள்ள எந்த ஆவணத்துக்கும் முன்பக்கத்தில் ஆள்பட்டியல் ஒன்று வையுங்கள்: பெயர், ஆணா பெண்ணா, வயது, யார் யாரை எப்படி அழைக்க வேண்டும். நீதிமன்ற வாக்குமூலம், மருத்துவமனைப் படிவம் போன்றவற்றில் இதைத் தவறவிட்டால், அரபியில் பெண் ஆணாகிவிடுவார், மக்காசாரில் முதியவர் 'னு' போட்டு அழைக்கப்படுவார். இரண்டாவதை அங்கே யாரும் சிறு பிழை என்று விட்டுவிட மாட்டார்கள்.

ஆள் பெயர்களை அரபியில் எழுதும்போது எதை விடலாம்?

எதையும் விட வேண்டாம். கோவா அரசர் சுல்தான் ஹஸனுத்தீனின் இயற்பெயர் இ மல்லொம்பாஸி, மரியாதைக்குரிய தாயெங் பெயர் மத்தவங், ஆட்சிப்பகுதியை வைத்த காராயெங் (தலைவர்) பெயர் இன்னொன்று, அரபிப் பெயர் வேறு. மறைவுக்குப் பின் 'இன்ன இடத்தில் துயில்பவர்' என்று பொருள்படும் 'துமெனங்ஙா ரி' எனத் தொடங்கும் பெயர் ஒன்றும் சேரும். ஆவணத்துக்கு ஆவணம் ஒவ்வொரு பெயர் வரும். ஒன்றை விட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

முன்னால் வரும் 'இ' ஆள்பெயரைக் காட்டும் ஒட்டு. அதை இப்னு (மகன்) என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'தாயெங்' என்பதை ஸய்யித் ஆக்கவும் வேண்டாம், அரபியில் அந்தப் பட்டம் நபிவழி வம்சத்தையும் குறிக்கும். ஒலிபெயர்த்து, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் போதும். அரபி மூலம் கொண்ட பெயர்களை முழு வடிவுக்குத் திருப்புங்கள்: அலாவுத்தீன் என்பதை அலாஉ அத்தீன் என்று பிரித்தே அரபியில் எழுத வேண்டும்.

ஷேக் யூசுப் மக்காசாரி எழுதியதைப் படித்தால் இந்த மொழிபெயர்ப்புக்கு உதவுமா?

நேரடியாக அல்ல. கோவாவில் 1626இல் பிறந்த அவர் தம் சமய நூல்களைப் பெரும்பாலும் அரபியில்தான் எழுதினார். டச்சுக்காரர்கள் 1684இல் அவரை இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். அங்கிருந்தும் அரபியில் எழுதினார். 1694இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு அனுப்பப்பட்டு 1699இல் மறைந்தார். மக்காசார் மக்கள் அவரைத் 'துவந்தா ஸலமகா' என்று போற்றுகிறார்கள்.

ஒரு மக்காசார் அறிஞரின் அரபி நடை எப்படி இருந்தது என்று பார்க்க அவர் நூல்கள் அருமையானவை. மக்காசார்ச் சொல்வளத்துக்கு வேறிடம் போக வேண்டும். அவரைப் பற்றி மக்காசாரில் வழங்கும் கதைப்பாடல்கள் அவர் எழுதியவை அல்ல. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நல்ல அகராதி எது?

அடித்தளம் டச்சில் இருக்கிறது. மத்தேஸ் என்ற டச்சு அறிஞர் 1859இல் மக்காசார்–டச்சு அகராதி வெளியிட்டார். அதற்குப் பின் சென்ஸே தொகுத்த பெரிய அகராதி 1979இல் வந்தது. பழைய ஆவணம் என்றால் இவை இல்லாமல் முடியாது. இன்றைய உரைக்கு மக்காசார்–இந்தோனேசிய அகராதிகள் போதும். சமயச் சொற்களுக்கு, இந்தோனேசியச் சமய அமைச்சகம் வெளியிட்ட மக்காசார்த் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை மறக்க வேண்டாம். ஒருவர் அடைப்புக்கு மேற்கோள் குறி போடுவார், இன்னொருவர் 'க்' என்று முடிப்பார். ஒரே வீடு 'பல்ல’' என்றும் 'பல்லக்' என்றும் இருக்கும். இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

இந்தோனேசியம் வழியாகப் போனால் எளிதல்லவா? கூகுளிலும் மக்காசார் வந்துவிட்டதே?

இந்தோனேசியம் வழியாகப் போவது நடைமுறையில் தவிர்க்க முடியாதது. மக்காசாரும் அரபியும் சமமாகத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் நடுவில் எவை தொலையும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: அரபியின் பாலும் இருமையும், மக்காசாரின் மோ, பா, ஜா ஒட்டுகளும் (மேலே தின்ரோமி, தின்ரோபி, தின்ரோஜியில் மி, பி, ஜி என்று வந்தவை). நடுப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் 'பெண்', 'இருவர்', 'ஏற்கெனவே' என்று குறித்துக்கொண்டே போங்கள். அந்தப் பிரதி அழகாக இருக்க வேண்டியதில்லை.

கூகுள் மொழிபெயர்ப்பில் 2024இல் மக்காசார் சேர்ந்தது. சாரத்தை அறியப் பயன்படுத்தலாம். நம்பும் முன் மூன்று சோதனை செய்யுங்கள். பெண்ணிடம் பேசும் அரபி வாக்கியத்தைக் கொடுத்து, வந்ததைத் திரும்ப அரபியாக்கிப் பாருங்கள். 'மனிதர்கள்' உள்ள வாக்கியத்தைக் கொடுத்து, மேலே சொன்ன பொம்மை வருகிறதா என்று பாருங்கள். தாயிடம் பேசும் வாக்கியத்தைக் கொடுத்து 'னு' வருகிறதா 'தா' வருகிறதா என்று பாருங்கள். மருந்துச் சீட்டு, ஒப்பந்தம், சமய உரை மூன்றையும் இயந்திரத்திடம் விட வேண்டாம்.

அரபிப் பத்திக்குள் மக்காசார்ச் சொல் போட்டால் குரல்வளை அடைப்பைக் காட்டும் ’ குறி இடம் மாறிவிடுகிறதே, ஏன்?

சாதாரண மேற்கோள் குறிக்குத் தனக்கென்று திசை கிடையாது. வலமிருந்து இடம் ஓடும் பத்தியில், ரோமன் சொல்லின் கடைசியில் அது நின்றால், பத்தியின் திசையை எடுத்துக்கொண்டு சொல்லின் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். சொல்லின் முதலில் அடைப்பு இருப்பதைப் போலத் தெரியும். யூனிகோடில் எழுத்தாகவே கணக்கிடப்படும் தனி அடைப்புக் குறி ஒன்று உண்டு, மேற்கோள் குறியைப் போன்றே தோற்றம். அதைப் பயன்படுத்தினால் இடம் மாறாது. சொல்லை இரட்டைச் சொடுக்கில் தேர்ந்தாலும் உடையாது.

அச்சுக்குப் போகும் முன் ஆவணம் முழுவதும் தேடி மாற்றுங்கள். ஆனால் உண்மையான மேற்கோள் குறிகளையும் சேர்த்து மாற்றிவிடாதபடி, ஒவ்வொன்றாக உறுதிசெய்து மாற்றுங்கள்.

துஆவில் (இறைவேண்டலில்) வரும் 'நாங்கள்' என்பதை மக்காசாரில் எப்படிச் சொல்வது?

இந்தப் பட்டியலில் மிகக் கடினமான கேள்வி. அரபியில் நஹ்னு ஒன்றே. அது நாமா நாங்களா என்று அரபி பிரிப்பதில்லை. தமிழ் பிரிக்கிறது. இறைவனை நோக்கிச் சொல்லும்போது 'நாங்கள்' என்போம், கேட்பவரைச் சேர்க்க முடியாது. மக்காசாரிலும் பழைய நூல்களில் இந்தப் பிரிவு இருந்தது: கேட்பவரை விலக்க 'கம்பே'. இன்றைய பேச்சில் அது அரிது. மிஞ்சியிருப்பது 'இகத்தே'. அது 'நாம்' என்பதற்கும் வரும், முன்பே சொன்ன மரியாதை 'நீங்கள்' என்பதற்கும் வரும்.

'உன்னையே வணங்குகிறோம்' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வணங்கும் நாங்களும் இகத்தே, வணங்கப்படும் நீயும் இகத்தே. வினைக்கு முன்னால் ஒட்டும் 'கி'யும் இரண்டுக்கும் பொது. யார் யாரை வணங்குகிறார் என்பது சொற்களை வைத்துத் தெரியாது.

வழி இரண்டு. ஒன்று, 'கம்பே'யைத் திரும்பக் கொண்டுவருவது. வழிபாட்டு நடையில் பழமை உறுத்தாது, வாய்விட்டு ஓதும் பிரதிக்கு இதையே பரிந்துரைப்போம். ஆனால் இளையவர்கள் சிலருக்குப் புரியாது என்பதால் முதல் பக்கத்தில் குறிப்புப் போடுங்கள். மற்றொன்று, 'உங்கள் அடியார்கள்' என்று தன்மையைப் பெயர்ச்சொல்லாக்கிப் படர்க்கையில் எழுதுவது. விளக்கவுரைக்கு இது தெளிவு, ஓதுவதற்கு நீளம். எதைத் தேர்ந்தாலும் ஒரே பிரதிக்குள் இரண்டையும் கலக்க வேண்டாம். முடித்த பிறகு, அரபி தெரியாத மக்காசார் முதியவர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டி, ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யார், யாரிடம்?' என்று கேளுங்கள். அவர் தயங்கும் வாக்கியங்களை மறுபடி எழுதுங்கள்.